முதலாளி ஓட்டம்

ராய்ஸ் ஷூமேட்டைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லுன்னா, சட்டையை நல்லா இஸ்திரி போட்டுப் போடுவான்னு சொல்லலாம். அதோட சரி. அதுக்கு மேல வேணும்னா நான் யார்கிட்டயாவது கடன்தான் வாங்கணும்.

என் பேரு நோலா ஜென்ட்ரி. பிரஷி க்ரீக் ரேஸ் மைதானத்துல வண்டி சோதிக்கிற கொட்டகை என் பொறுப்பு. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை எந்த வண்டியா இருந்தாலும் என் கையைத் தாண்டித்தான் பாதைக்குப் போகணும். எடை பாப்பேன், உயரம் பாப்பேன், டயரை மோந்து பாப்பேன். சிரிக்காதீங்க, மோந்துதான் பாக்கணும். டயர் இளகிப் பிடிப்பு கூடட்டும்னு என்னத்தையாவது மருந்தைத் தடவிக் கொண்டு வந்து நிறுத்திட்டு, மறுநாள் சர்ச்சுல முதல் பெஞ்சுல உக்காந்து கண்ணை மூடிப் பாடுற பயலுக எங்க மாவட்டத்துல அம்புட்டுப் பேரு. டயர் நாத்தத்தை மறைக்க ஒருத்தன் அதுல வாசனைத் தைலம் அடிச்சுக் கொண்டு வந்தான். கல்யாணப் பொண்ணு மாதிரி மணந்துச்சு அந்த வண்டி. அவனையும் திருப்பி அனுப்பினேன்.

இந்தத் திருட்டுக்கெல்லாம் எனக்குக் கோவம் வராது. திருடுறது அவன் பொழப்பு, பிடிக்கிறது என் பொழப்பு. மாட்டினவன் என் அம்மா அப்பா எல்லாரையும் சேத்துத் திட்டிட்டு, அடுத்த வாரம் வேற தில்லுமுல்லோட வந்து நிப்பான். அதுல போறது ஒரு கோப்பை. ஆனா கூண்டுல கை வைக்கிறான் பாருங்க, அவனை மனுசன்னு சொல்ல என் வாய் வராது.

கூண்டுங்கிறது ஓட்டுறவனைச் சுத்தி இரும்புக் குழாயில வளைச்சு வெல்டிங் பண்ணியிருக்கிறது. வண்டி சுவத்துல மோதினாலும் உருண்டாலும் மேல் தகரம் நசுங்கலாம், கூண்டு நசுங்கக் கூடாது. குழாய் எவ்வளவு கனமோ அவ்வளவுதான் உள்ள இருக்கிறவன் ஆயுசு. இந்தத் திருட்டுப் புத்திக்காரன் என்ன பண்ணுவான்னா, மெல்லிசுக் குழாயைப் போடுவான். மேல்பாரம் குறையும். குறைஞ்சதை ஈயக்கட்டியா மாத்தித் தரையோட தரையா, வண்டி எப்பவும் திரும்புற இடது பக்கமா முடுக்கி வச்சிடுவான். மொத்த எடை விதிப்படி சரியா இருக்கும், வளைவுல மட்டும் வண்டி ஒட்டிக்கிட்டுத் திரும்பும். தலையில மூட்டை வச்சுக்கிட்டுத் திரும்புறதும் இடுப்புல கட்டிக்கிட்டுத் திரும்புறதும் ஒண்ணா? அவ்வளவுதான் சங்கதி.

அதைப் பிடிக்க ஒரே வழி, குழாய்ல சின்னதா ஒரு ஓட்டை போட்டு, அதுக்குள்ள கொக்கி அளவுகோலை விட்டு எவ்வளவு கனம்னு பாக்குறது. முன்னெல்லாம் எனக்கு எங்க சந்தேகமோ அங்க போடுவேன். வண்டிக்காரனுகளுக்குப் பொறுக்கல. "நோலா நம்ம வண்டியைச் சல்லடையாக்குறா"ன்னு மைதானத்து முதலாளி லைல் ப்ராக்கிட்டப் போய் மூக்கைச் சிந்தினாங்க. லைல் உடனே புத்தகத்துல விதி எழுதிட்டான்: வண்டிக்கு ஒரு ஓட்டைதான், அதுவும் ஓட்டுறவன் பக்கத்து முன்கண்ணாடிக் குழாய்ல, கூரைக்கு ஒரு சாண் கீழ. வேற எங்கயும் தொடக் கூடாது. காவல்காரன் எந்தக் கதவை மட்டும் தட்டுவான்னு திருடனுக்கு முன்கூட்டியே எழுதிக் குடுத்த மகராசன் உலகத்துலயே எங்க லைல் ஒருத்தன்தான். அவனுக்கு முதுகெலும்புன்னு ஒண்ணு இருந்தா அதுலயும் விளம்பரம் எழுத எவனுக்காவது வாடகைக்கு விட்டிருப்பான்.

மைதானத்துல பெரிய விளம்பரம் யாரோடதுன்னு சொல்லவே வேண்டாம். கார் விக்கிற கடை வச்சிருக்கிற நம்ம ராய்ஸ் ஷூமேட்தான். நாலாவது வளைவுச் சுவர் முழுக்க அவன் பேரு, பக்கத்துல பல்லைக் காட்டிக்கிட்டு அவன் மூஞ்சி.

போன குளிர்காலத்துல ராய்ஸ் புது வண்டி கட்டினான். அதை ஓட்டக் கோல்பி ட்ரிப்லெட்டைக் கூட்டிட்டு வந்தான். கோல்பி கோழி அறுக்கிற பாக்டரில வேலை பாக்குற பையன். நல்லா ஓட்டுவான், அதுல பொய் இல்ல. ஆனா சொந்தமா வண்டி கட்ட வக்கில்லாம, யாரோ கழிச்சுக் கட்டின வண்டியில வருசக்கணக்கா வால்ல வந்துக்கிட்டு இருந்தவன். புது வண்டியில உக்காந்ததும் வாராவாரம் ஜெயிக்க ஆரம்பிச்சான். ரெண்டாவதா வந்தது எப்பவும் டெல்மர் ஆஷ்லி. டெல்மர் தன் வீட்டுப் பின்னாடி கொட்டாயில தானே வண்டி கட்டுறவன். அவன் கூண்டுல யானை ஏறி நின்னாலும் ஒண்ணும் ஆகாது. கோல்பியோட வாலையே ரேஸ் முழுக்கப் பாத்துட்டு, வந்து அவன் கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டுப் போவான். அதைப் பாக்கும்போதெல்லாம் என் வயிறு எரியும்.

ஜூன் மாசம் எடைமேடையில வண்டியை நிறுத்தினப்ப நான் குனிஞ்சு அடியில பாத்தேன். ஈயக்கட்டி வரிசையா இருந்துச்சு. விதிப்படி வெள்ளை பெயின்ட் அடிச்சு, வண்டி நம்பர் எழுதி, போல்ட் போட்டு, எல்லாம் லட்சணமாத்தான் இருந்துச்சு. இருந்த அளவைப் பாத்துதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

"ஏன் ராய்ஸு, ரேஸுக்கு வண்டி கொண்டு வந்தியா, கப்பலை நிறுத்த நங்கூரம் கொண்டு வந்தியா? இம்புட்டு ஈயம் எதுக்கு?"

"எடை சரியா இருக்கா?"

"இருக்கு."

"ஈயம் வைக்கக் கூடாதுன்னு விதி இருக்கா?"

"இல்ல. ஆனா இம்புட்டு ஈயம் ஏத்தியும் எடை கூடலைன்னா, வேற எங்கயோ இம்புட்டு இரும்பு காணாமப் போயிருக்கணும். அது எங்க போச்சு?"

"ஒல்லிப் பையனா பாத்து ஓட்டச் சொல்லியிருக்கேன்ல, அதான்"னு பல்லைக் காட்டினான். கூட நின்ன அல்லக்கைகளும் கெக்கேபிக்கேன்னு சிரிச்சானுங்க.

புத்தகத்துல எழுதின இடத்துல ஓட்டை போட்டேன். கனம் சரியா இருந்துச்சு. சரியாத்தான் இருக்கும், அந்த ஒரு முழம் குழாயை மட்டும் நல்லதாப் போட்டு வெல்டிங் பண்ணியிருந்தா? ஸ்பேனரை எடுத்து அந்த இடத்துல தட்டினேன், 'டங்'குன்னுச்சு. கொஞ்சம் மேல, ஓட்டுறவன் தலைக்கு நேர் மேல தட்டினேன், 'டிங்'குன்னு வெத்துச் சத்தம். தர்பூசணியைத் தட்டிப் பாத்து வாங்கத் தெரிஞ்ச எவளுக்கும் அது புரிஞ்சிருக்கும்.

லைல்கிட்டப் போனேன்.

"இன்னொரு ஓட்டை போட விடு லைல். ஒண்ணே ஒண்ணு."

"சத்தத்தை வச்சு ஒருத்தன் மேல பழி போடலாமாம்மா?"

"அதுக்குத்தான் ஓட்டை போட விடுங்கிறேன்."

"விதி ஒரு ஓட்டைன்னு சொல்லுது, நோலா. விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். ஒருத்தருக்கு ஒரு மாதிரி நான் நடந்துக்க முடியுமா?"

இந்த நியாயத்தை அவன் ராய்ஸோட கடைப் பேரு போட்ட தொப்பியைத் தலையில வச்சுக்கிட்டே பேசினான்.

சரி, உசிரு யாரோடதோ அவன்கிட்டயே சொல்லிடுவோம்னு கோல்பியைத் தேடிப் போனேன். தீனிக்கடை பக்கத்துல ஹாட் டாக் தின்னுக்கிட்டு நின்னான்.

"கோல்பி, உன் தலைக்கு மேல இருக்கிற குழாய் எனக்குப் பிடிக்கலடா."

"போன மாசம் நீங்க கொண்டு வந்த உருளைக்கிழங்கு சாலட் எனக்கும்தான் பிடிக்கல. நான் வாயைத் திறந்தேனாக்கா?"

"விளையாடாதடா. அது மெல்லிசுக் குழாய். மோதினா உன்னைப் பாதுகாக்காது."

"நோலாக்கா, இத்தனை வருசம் நான் வால்ல வந்தப்ப யாரும் என் கூண்டைப் பத்திக் கவலைப்படல. இப்ப ஜெயிக்கிறேன், உடனே எல்லாருக்கும் என் தலை மேல அக்கறை வந்துடுச்சு."

"ஜெயிக்கிறது நீயா, அடியில இருக்கிற ஈயமா?"

அது அவனுக்குச் சுருக்குன்னு தைச்சிடுச்சு. தின்னதைப் பாதியில குப்பைத்தொட்டியில எறிஞ்சான்.

"ராய்ஸண்ணன் அக்டோபர்ல முதலாளி ஓட்டம் ஓட்டுவாருல்ல? இதே வண்டியிலதான உக்காருவாரு? தகர டப்பான்னு தெரிஞ்சா எவனாவது தன் தலையை அதுக்குள்ள வைப்பானா? சொல்லுங்க பாப்போம்."

அந்தப் பையன் முட்டாள் இல்ல. தெரிஞ்சுக்க வேண்டாம்னு முடிவு பண்ணிட்டவன்கிட்ட என்ன பேசினாலும் செவிடன் காதுல ஊதின சங்குதான்.

முதலாளி ஓட்டம் எங்க ஊரு வழக்கம். சீசன்ல கடைசிச் சனிக்கிழமை மத்தியானம், பெரிய ரேஸுக்கு முன்னாடி, வண்டி முதலாளிகளே அவங்கவங்க வண்டியில ஏறிப் பத்துச் சுத்து ஓட்டணும். டிக்கெட் வசூல் ஊர் தீயணைப்புப் படைக்குப் போகும். முதல்ல வர்றவனுக்கு உப்புல ஊற வச்ச முழுப் பன்னித்தொடை ஒண்ணு பரிசு. தொந்தியைத் தூக்கிக்கிட்டு ஜன்னல் வழியா வண்டிக்குள்ள நுழைய இவனுக படுற பாட்டைப் பாக்கவே கூட்டம் வரும். ராய்ஸ் ஒரு வருசம்கூட விட்டதில்ல. வெள்ளை உடுப்பு, ஜன்னல் வழியா சின்னப் பிள்ளைகளுக்கு மிட்டாய் எறியிறது, கையாட்டுறது, ஒரே கூத்தா இருக்கும்.

ஜூலையில கோல்பி ரெண்டாவது வளைவுச் சுவத்துல மோதினான். முன்னாடி போனவன் வண்டி சுழண்டு குறுக்க வந்துடுச்சு, இவனுக்கு வழியில்ல. ஓட்டுறவன் உக்கார்றது இடது பக்கம். நல்லவேளை, வலது பக்கம் மோதினான். தோள்பட்டை வீங்கினதோட தப்பிச்சான். ராய்ஸ் ஓடி வந்தான். வந்தவன் முதல்ல வண்டியைச் சுத்திப் பாத்தான், அப்புறம்தான் பையனைப் பாத்தான். நான் கொட்டகையிலிருந்து போய்ச் சேர்றதுக்குள்ள வண்டி மேல தார்ப்பாய் விழுந்து, லாரியில ஏறி, மைதானத்தை விட்டே போயிடுச்சு. அடுத்த வாரம் பளபளன்னு திரும்பி வந்துச்சு. எழுதின இடத்துல எழுதின ஓட்டையைப் போட்டேன், கனம் சரியா இருந்துச்சு. எனக்கு என் மேலயே காறித் துப்பணும் போல இருந்துச்சு.

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை வந்துச்சு. கோல்பி புள்ளியில எல்லாரையும் விட முன்னாடி இருந்தான். அன்னைக்கு ஜெயிக்கக்கூட வேண்டாம், பெரிய ரேஸுக்குப் பச்சைக்கொடி விழும்போது அந்த வண்டியில ஏறிப் பாதையில நின்னாலே போதும், சீசன் கோப்பை அவனுக்குத்தான். பாக்டரில கூட வேலை பாக்குறவங்க அவன் பேரு போட்ட பனியன் மாட்டிக்கிட்டு ஒரு கூட்டமா வந்திருந்தாங்க. பையன் கால் தரையில பாவல.

காலைல நான் கொட்டகையைத் திறக்கும்போது ராய்ஸ் தன் லாரியிலிருந்து ஐஸ் ரொம்பின பெரிய பெட்டியை ஒத்தை ஆளா அலாக்காத் தூக்கி இறக்கிக்கிட்டு இருந்தான். மத்தியானம் ஒலிபெருக்கியில முதலாளிகளைக் கூப்பிட்டப்ப அவனைப் பாத்தா, இடுப்புல பட்டையா ஒரு பெல்ட்டைக் கட்டிக்கிட்டு, லைல் தோளைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான்.

"என்னாச்சு ராய்ஸு?"

"இடுப்பு பிடிச்சுக்கிச்சு நோலா. உக்காரவே கூடாதுன்னுட்டாரு டாக்டர்."

"காலைல ஐஸ் பெட்டி தூக்கினியே, அது உன் தம்பியா?"

"அதுக்கப்புறம்தான் பிடிச்சுது."

"அதுக்குள்ள டாக்டரையும் பாத்துட்டியா? டாக்டர் அந்த ஐஸ் பெட்டிக்குள்ளதான் இருந்தாரா?"

லைல் பல்லைக் கடிச்சுக்கிட்டு, "விடும்மா நோலா, அனுசரிச்சுப் போம்மா"ன்னான்.

நான் அவனைக் கண்டுக்கவே இல்ல. மடியில கனமில்லைன்னா வழியில பயமில்லைம்பாங்க. இவனுக்குக் கனமில்லாதது தலைக்கு மேல. அதான் பயம். ஊர்க்கூட்டத்துக்கு முன்னாடி கையாட்டுறதுன்னா செத்த பொணமும் எழுந்து வர்ற மாதிரி வர்றவன், வண்டியைத் தள்ளிவிட்டுப் பன்னித்தொடையையும் வேண்டாம்னு நிக்கிறான். நாலு மாசமா நான் தட்டித் தட்டிக் கேட்ட கேள்விக்குப் பதில் இடுப்புல பெல்ட் கட்டிக்கிட்டு என் எதிர்ல நிக்குது.

கோல்பியைத் திரும்பிப் பாத்தேன். வண்டிக் கண்ணாடியைத் துணியால துடைச்சுக்கிட்டு இருந்தான். "பாவம், வலி போல"ன்னு முணுமுணுத்தான். என் மூஞ்சியை மட்டும் பாக்கல.

அப்பதான் ராய்ஸோட பெண்டாட்டி ஜானெல் வந்தா. இவனுக்கு இப்படி ஒரு பொம்பளை எப்படி வாய்ச்சுதோ தெரியல. வாய் நிறையச் சிரிப்பு, எதுக்கும் அஞ்சாதவ.

"என்னடி நோலா, எங்க வீட்டுக்காரரு இன்னும் உடுப்பு மாட்டலையா?"

"இடுப்பு வலியாம்."

"இடுப்பா? காலைல கோப்பை நமக்குத்தான்னு என்னைத் தூக்கிச் சுத்தினாரே! சுத்தினதுல என் செருப்பு எங்கயோ போய் விழுந்துச்சு!"

"அப்படியா! சரி, முதலாளிக்கு முடியலைன்னா குடும்பத்துல யாரும் ஓட்டலாம். முந்தின வருசம் டெல்மர் பெண்டாட்டி ஓட்டலையா?"

நான் வேணும்னுதான் சொன்னேன். ஜானெல் கண்ணு அப்படியே விரிஞ்சுது.

"அப்ப நான் ஓட்டுறேன்! கடையில பாதி என் பேருலதான இருக்கு? கோல்பி, உன் ஹெல்மெட்டைக் குடு தம்பி!"

கோல்பி சிரிச்சுக்கிட்டே ஹெல்மெட்டைக் குடுத்தான். அவ உயரக் குதிகால் செருப்பைக் கழட்டி எறிஞ்சுட்டு, வெறுங்காலோட ஜன்னல் வழியா உள்ள இறங்கினா. நான் பக்கத்துலயே ஜன்னல் வலையைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னேன். அந்த வலையை மாட்டி நான் கைகாட்டாம எந்த வண்டியும் நகராது. நான் கைகாட்டியிருக்கவே மாட்டேன், சத்தியமா. அவ ராய்ஸுக்கு வாக்கப்பட்டதே போதும், சாகவும் விடணுமா?

ராய்ஸ் அந்தாண்ட தீயணைப்புப் படைக்காரங்களோட போட்டோவுக்கு நின்னுக்கிட்டு இருந்தான். ஒலிபெருக்கிக்காரன் உற்சாகமா, "ஷூமேட் வண்டியில இன்னைக்கு மிஸஸ் ஷூமேட்!"னு கத்தினான். கூட்டம் ஓன்னு கத்துச்சு. ராய்ஸ் திரும்பினான் பாருங்க. இடுப்பு வலிக்காரன், அடுக்கி வச்ச டயரை ஒரே தாவா தாவி ஓடி வந்தான்.

"ஏய்! இறங்குடி! அதுல உக்காராத!"

"ஏங்க, பத்துச் சுத்துதானே?"

"இறங்குன்னா இறங்கு! வேற எவன் வண்டிய வேணும்னாலும் ஓட்டு, அதுல வேண்டாம்!"

"ஏன், இதுக்கு என்ன?"

"தப்பித் தவறி மோதினா நீ..."

அதோட நாக்கைக் கடிச்சுக்கிட்டான். ஆனா சொன்னது சொன்னதுதான். அந்த இடத்துல நின்ன மெக்கானிக்கெல்லாம் கையில இருந்த சாமானைக் கீழ வச்சுட்டுத் திரும்பிப் பாத்தாங்க. கோல்பி துடைக்கிற துணியோட அங்கயேதான் நின்னான்.

"மோதினா என்ன முதலாளி?"ன்னு கேட்டான். குரலை உசத்தல.

"அவ பொம்பளை... அவளுக்குப் பழக்கமில்ல..."

"பழக்கம் இருந்தா குழாய் கனமாயிடுமா?"

ஜானெல் ஹெல்மெட்டுக்குள்ளேருந்து புருசனையே பாத்தா. அப்புறம் மெதுவா வெளிய வந்தா.

கோல்பி என்கிட்ட வந்து கையை நீட்டினான். டிரில்லைக் குடுத்தேன். அதுக்குள்ள லைல் மூச்சு வாங்க ஓடி வந்துட்டான்.

"டேய் டேய், ஒரு ஓட்டைதான்! காலைலயே போட்டாச்சு!"

"அது நோலாக்காவுக்குப் போட்ட விதி. ஓட்டுறவன் தன் தலைக்கு மேல எத்தனை ஓட்டை போடலாம்னு உங்க புத்தகத்துல இல்ல."

ஜன்னல் வழியா உடம்பைப் பாதி உள்ள விட்டு, தன் தலை இருக்கிற இடத்துக்கு நேர் மேல வச்சு அமுக்கினான். கெட்டிக் குழாயா இருந்தா டிரில் கொஞ்ச நேரம் முனகணும். இது முனகவே இல்ல, கோலா டப்பாவுல ஆணி இறங்கின மாதிரி பொசுக்குன்னு இறங்கிடுச்சு. நான் அளவுகோலை விட்டுப் பாத்தேன். விதி கேக்குற கனத்துல பாதிகூட இல்ல. யாருக்கும் சொல்லல, அளவுகோலை அப்படியே தூக்கிக் காட்டினேன். டெல்மர் ஆஷ்லி கிட்ட வந்து பாத்துட்டு, தொப்பியைக் கழட்டிட்டுத் தள்ளிப் போய் நின்னான்.

"ஜூலையில நான் இதுலதான மோதினேன்"னான் கோல்பி. "வலது பக்கம் மோதினேன். இடது பக்கமா இருந்திருந்தா?"

நான் சொன்னேன், "இந்த வண்டி இன்னைக்கு ஓடாது."

இப்பதான் எங்க லைல் தன் முழுத் திறமையையும் காட்டினான்.

"ஓடும். காலைல சோதனையில பாஸ் ஆன வண்டி. விதிக்குப் புறம்பாப் போட்ட ஓட்டை கணக்குல வராது. மைதானம் என்னோடது நோலா, நான் சொல்றேன், ஓடும்."

எனக்கு வந்த வார்த்தையை நான் இங்க சொல்லல, சின்னப் பிள்ளைங்க இருக்கிற ஊரு. வலையைத் தரையில எறிஞ்சேன். ஆனா லைல் என்னைப் பாக்கவே இல்ல. அவனும் ராய்ஸும் கோல்பியோட ரெண்டு பக்கமும் நின்னுக்கிட்டாங்க.

"இங்க பாருடா கோல்பி"ன்னு ராய்ஸ் தோள்ல கை போட்டான். தேன் ஒழுகுச்சு குரல்ல. "ஒரே ஒரு சுத்து. பச்சைக்கொடி விழட்டும், கடைசி ஆளாப் போ, மெதுவா ஒரு சுத்து சுத்திட்டு உள்ள வந்துடு. கோப்பை உன்னுது. வருசம் பூரா பட்ட பாட்டைக் கெடுத்துக்காத."

"ஆமாடா தம்பி, எல்லாத்தையும் குளிர்காலத்துல உக்காந்து பேசிக்கலாம்"னான் லைல்.

"ஒரு சுத்துல என்ன ஆயிடும்? ஒண்ணும் ஆகாது. நான் சொல்றேன், ஒண்ணும் ஆகாது"ன்னான் ராய்ஸ்.

கோல்பி கூட்டம் உக்காந்திருந்த மேடைப் பக்கம் பாத்தான். அவன் பேரு போட்ட பனியன்காரங்க எழுந்து நின்னு கூப்பாடு போட்டுக்கிட்டு இருந்தாங்க, இங்க நடந்தது அவங்களுக்கு என்ன தெரியும்? அப்புறம் பாதையைப் பாத்தான். எனக்குத் தெரியும், அந்தப் பையன் ஆசைப்பட்டான். இத்தனை வருசம் வால்ல வந்தவனுக்கு ஒரு சுத்து தூரத்துல கோப்பை. நேரா ஜானெல்கிட்டப் போய் கையை நீட்டினான்.

"ஹெல்மெட்டைக் குடுங்கக்கா."

"வேண்டாம் தம்பி"ன்னா ஜானெல்.

"குடுங்க."

அவ குடுத்தா. அடப்பாவி, ஏறப் போறான்டா இவன்னு நெனச்சேன். ராய்ஸ் மூஞ்சியில களை திரும்ப வந்துச்சு. லைல் கையைத் தட்டி, "அப்படிப் போடு!"ன்னான்.

கோல்பி திரும்பி வந்து, ஹெல்மெட்டை ராய்ஸ் கையில வச்சான்.

"ஒரு சுத்துதானே முதலாளி. நீங்க போயிட்டு வாங்க. நீங்க திரும்பி வந்ததும் நான் ஏறுறேன்."

"என்னடா பேசுற..."

"வண்டி முதல் வரிசையில நிக்குது. முதலாளி ஓட்டம்தான? எல்லாரும் உங்களுக்குத்தான் காத்திருக்காங்க. ஒண்ணும் ஆகாது. நீங்கதான சொன்னீங்க?"

மத்த முதலாளிகள் வண்டியை முடுக்கிவிட்டு உறுமிக்கிட்டு இருந்தாங்க. ஒலிபெருக்கிக்காரனுக்கு ஒண்ணும் புரியல, ராய்ஸ் கையில ஹெல்மெட்டைப் பாத்துட்டு, "இதோ வந்துட்டாரு நம்ம ராய்ஸ் ஷூமேட்!"னு கத்தினான். மேடை மொத்தமும் எழுந்து கை தட்டுச்சு. சின்னப் பிள்ளைங்க மிட்டாய்க்காக வேலி ஓரம் ஓடி வந்துச்சுங்க.

ராய்ஸ் ஹெல்மெட்டைப் பாத்தான். ஜன்னலுக்குள்ள, அந்தச் சின்ன ஓட்டையைப் பாத்தான். கை தானா இடுப்புக்குப் போச்சு.

"இடுப்பு..."ன்னான்.

ஜானெல் பின்னாடி வந்து அந்த பெல்ட்டைப் பிடிச்சு 'சர்ர்'ருன்னு ஒரே இழுப்புல உருவினா.

"இப்ப சரியாயிடுச்சு. ஏறுங்க."

அவன் ஏறல.